உச்சந்தலைக் கோடு

காலையில் உடம்பு துடைத்துவிடும்போது மனைவிதான் முதலில் பார்த்தாள். அவனுடைய இரண்டு உள்ளங்காலிலும் தூசி ஒட்டியிருந்தது. குதிகாலிலும் விரல்களின் அடியிலும் கறுப்பாக, நடுக்குழிவில் மட்டும் இல்லாமல், வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி வந்தவனுக்கு ஒட்டுகிற மாதிரி. இரண்டு வருடமாகத் தரையில் படாத கால்கள் அவை.

"போர்வை அழுக்கா இருந்திருக்கும்," என்றாள். துணியைப் பிழிந்து இன்னொரு தடவை துடைத்தாள். போர்வையை முந்தின நாள்தான் துவைத்துப் போட்டாள் என்பது இருவருக்குமே தெரியும். பயப்பட வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றியது, ஆனால் பயம் வரவில்லை. மரத்துப்போனது இடுப்புக்குக் கீழே மட்டுமில்லை என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

விழுவதற்கு முன்னால் அவன் மூளை அலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன். பதினோரு வருடம் அடுத்தவர் தலையில் பசை தடவி ஒயர் ஒட்டியவன். ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கால் வழுக்கியது, முதுகெலும்புக்குள் தண்டுவடம் அறுந்தது. இப்போது கூட வேலை பார்த்த நண்பன் சோடாபுட்டிதான் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து இவன் தலையில் ஒயர் ஒட்டுகிறான். தண்டுவடம் அறுந்தவர்களின் மூளையில் மின்சாரம் எப்படி மாறுகிறது என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது.

அன்று மதியம் வந்தவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கே மச்சான்?" என்றான்.

"பாதி நல்லா இருக்கேன்."

இந்த ஜோக்குக்குச் சோடாபுட்டி வழக்கமாகச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. பசையைத் தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டி முடித்தபிறகுதான் பேசினான். "உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. முழிச்சிருக்கறவனுக்குப் பின்மண்டையில செகண்டுக்குப் பத்து அலை வரணும். உனக்கு முன்னாடி எட்டு வந்துச்சு. போன மாசம் ஆறுதான்."

கீழே இருந்து சேதி வராத மூளை இப்படித்தான் மெல்ல மெல்ல மந்தமாகும் என்று அவனுக்கும் தெரியும். ஆறு என்றால் தூக்கத்தின் வாசல். "நான் முழிச்சுக்கிட்டுதானே இருந்தேன்?"

"நீ நல்லாத் தூங்கறேன்னு குறிச்சு வெச்சிருக்கேன்."

"ஆளைப் பாத்துக் குறிச்சியா?"

"ஸ்கிரீனைப் பாத்து," என்றான் சோடாபுட்டி, தலையைக் குனிந்துகொண்டு. அந்த வேலையில் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. கோட்டில் ஏதாவது தெரிந்தால் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், சொறிகிறானா, எதையாவது மெல்லுகிறானா என்று. ஒரு வருடம் போனால் யாரும் பார்ப்பதில்லை. இவனும் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு மச்சான். உச்சந்தலைக் கோடு."

மூளையில் கால்களுக்கான இடம் உச்சந்தலைக்குக் கீழே இருக்கிறது. காலைத் தொட்டால் அங்கே ஒட்டிய ஒயரின் கோடு திரையில் துள்ளும். இவனுக்கு எதைச் செய்தாலும் துள்ளாது, துள்ளக் கூடாது.

"போன மாசம் துள்ளியிருக்கு. சீரா, இடைவெளி விட்டு விட்டு. ஒயர் ஆடியிருக்கும்னு விட்டுட்டேன்." லேப்டாப்பை அவன் முன்னால் சிறு மேஜையில் வைத்தான். "நாலு மணி வரை ஓடட்டும். நான் இன்னொரு ஆளைப் பாத்துட்டு வந்துடறேன்."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகிக்கொண்டு சுழல, பசையின் மருந்து வாசனை நெற்றியிலிருந்து மூக்குக்கு வழிந்து வருவதுபோல இருந்தது. சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கால்மாட்டில் போர்வை இரண்டு மேடாகக் கிடந்தது. புண் வராமல் இருக்க ஆடுசதைக்குக் கீழே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை என்று அவள் தினமும் அடுக்கி வைக்கிற வேலை அது.

கோடு துள்ளியது.

அவன் உடனே கால்மாட்டைப் பார்த்தான். மேடுகள் அசையவில்லை. சரி, ஒயர்தான். மறுபடி திரையைப் பார்த்தான். ஒரு துள்ளல், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு துள்ளல். எண்ணத் தொடங்கினான். ஐந்து. ஆறு. நடைவழியில் ஏதோ தரையில் பட்டு எடுபட்டது, ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரி மெத்தென்ற சத்தம். ஏழு. கோடும் சத்தமும் ஒன்றாக வந்தன. பதினான்கில் நின்றது. இந்தக் கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு காலடி. கால் வேலை செய்த நாளில் நடந்து பார்த்த கணக்கு.

"யாரு, அண்ணனா?" அங்கிருந்து மனைவியின் குரல் கேட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

குழாய் நின்றது. கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

"ஏங்க," என்றாள். மிக மெதுவாக. "நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்," என்றான். சொல்லும்போதே போர்வையை இழுத்தான்.

தலையணைகள். இரண்டு தலையணைகள் மட்டும். இடுப்பு முடிந்த இடத்தில் மெத்தை தொடங்கியது. ரத்தம் இல்லை. காயமும் இல்லை.

"ஓடு," என்று கத்தினான். "வெளிய ஓடு."

அவள் ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டது. தலை தரையில் மோதிய சத்தம்.

அப்புறம் அவனுக்கு உணர்வு வந்தது. இரண்டு வருடம் எத்தனையோ சாமியிடம் அழுது கேட்ட உணர்வு. உள்ளங்காலில் தரையின் சில்லிப்பு. தண்ணீர். கண்ணாடித் துண்டின் கூர். பிறகு மென்மையாக, வெதுவெதுப்பாக ஒன்று. அதற்குள் ஒரு துடிப்பு. கழுத்து.

தூக்கு என்றான். காலைத் தூக்கு. திரையில் உச்சந்தலைக் கோடு மலைபோல எழும்பியது. கட்டளை கிளம்பியது. முதுகில் இறங்கியது. அறுந்த இடத்தில் நின்றது.

சேதி மேலே வருகிறது. கீழே போகவில்லை.

தூக்கு.

கால் அழுத்தியது.

தூக்கு. தூக்கு.

துடிப்பு மெதுவானது. விட்டு விட்டு வந்தது. வரவில்லை.

பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. அவன் வாசலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. ஒரு தலையணை தரையில் விழுந்தது. போர்வை தானாக மேலேறி இடுப்பை மூடிக்கொண்டது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஈரம் ஊறியது.

கோடுகள் அடங்கின. ஆறு. ஐந்து. நான்கு. நாலு மணிக்குச் சோடாபுட்டி வந்து திரையைப் பார்ப்பான், ஆள் நன்றாகத் தூங்குகிறான் என்று குறித்துக்கொள்வான். இவன் கண்கள் திறந்திருந்தன. உள்ளங்கால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.