இறக்கை வருதா, போகுதா?

லோப்கேயின் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாதாரணக் கட்டு இல்லை. அவர் வாயைத் திறந்தால், எண்ணெய் போடாத கதவு மாதிரி 'கிரீச்' என்று ஒரு சத்தம்தான் வந்தது.

படகு ஓட்டக் கை போதுமே, தொண்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவின் படகு சும்மா போய்வருகிற படகு இல்லை. கால்வாயின் இரண்டு பக்கமும் நிற்கிற பழைய காற்றாலைகளைச் சுற்றிக் காட்டுகிற படகு. ஓட்டுவதும் அப்பாதான், மைக்கைப் பிடித்துக் கதை சொல்வதும் அப்பாதான்.

"லோப்கே, இன்னைக்கு மைக் உன் கையில," என்று கிரீச்சிட்டார் அப்பா.

"நானா?"

"வேற யாரு? கேட்டுக் கேட்டு உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. தூக்கத்துலகூட சொல்றியாம்."

"தூக்கத்துல மட்டும் இல்லப்பா, குளிக்கும்போதும் சொல்றா," என்றாள் மீப். அவள் லோப்கேயின் தங்கை. ஒன்பது வயது. காலில் எப்போதும் மஞ்சள் பூட்ஸ். விட்டால் அதோடேயே தூங்குவாள். "அக்காவுக்குப் பன்னெண்டு வயசானா மைக் குடுப்பீங்களா? எனக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாதா?"

"நீ அம்மாகூட இரு. குழந்தை பொறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இருந்தாலும் துணைக்கு ஒரு ஆள் வேணும்ல?"

"அதெல்லாம் ஒரு வேலையா?" மீப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்றிருந்த அம்மா சிரித்தாள். அவர்களுடைய வீடே ஒரு காற்றாலைதான். அதன் பெயர் நீல நாரை. அதை ஓட்டுகிறவள் அம்மா. காலையிலேயே அவள் பிரேக்கை விட்டிருந்தாள். நான்கு பெரிய இறக்கைகளும் தலைக்கு மேலே 'வூஷ், வூஷ்' என்று சுற்றிக்கொண்டிருந்தன.

"ஏங்க, போன் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா தலையைச் சொறிந்தார். நேற்று அவர் குனிந்தபோது, போன் சட்டைப்பையிலிருந்து கால்வாய்க்குள் குதித்துவிட்டது. இப்போது அதில் மீன்கள்தான் பேசிக்கொண்டிருக்கும்.

"போனதும் வந்துடுவோம்," என்றார் அப்பா.

படகு நிறைய ஆட்கள். லோப்கே மைக்கைப் பிடித்தாள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. எப்படியோ அதைப் பிரித்தெடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க இப்ப கடலுக்குக் கீழ இருக்கீங்க."

தூர தேசத்திலிருந்து வந்திருந்த தொப்பிக்காரர் ஒருவர், பதறிப்போய்ப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன். எங்க ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. தண்ணி எப்பவும் உள்ள நுழையத்தான் பாக்கும். இந்தக் காத்தாலைங்கதான் அதை அள்ளி அள்ளி மேல இருக்கிற ஆத்துல கொட்டும். இப்ப மோட்டார் வந்துடுச்சு. ஆனா மழை ரொம்ப அடிச்சா, இவங்களையும் வேலைக்குக் கூப்பிடுவோம். இவங்க மட்டும் இல்லன்னா, அதோ அந்தப் பசுமாடெல்லாம் நீச்சல் கத்துக்கிட்டிருக்கும்."

இந்தத் தடவை தொப்பிக்காரரும் சிரித்தார். ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லோப்கேயின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

முன் இருக்கையில் காஸ்பர் என்று ஒரு பையன் இருந்தான். பட்டணத்துப் பையன். அவனிடம் ஒரு மூட்டை கேள்வி இருந்தது. ஆலைக்குள் கட்டில் வட்டமாக இருக்குமா? இறக்கையில் தொங்கினால் என்ன ஆகும்? பூனை தொங்கினால்?

படகு யாப் மாமாவின் ஆலையை நெருங்கியது. அந்த ஆலையின் பெயர் பொறுமை. கால்வாய் வளைந்து வளைந்து திரும்பி வருவதால், அது நீல நாரைக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் தள்ளி இருந்தது.

"எங்க ஆலைங்க சுத்தறப்ப வேலை செய்யும். நிக்கிறப்ப பேசும்," என்றாள் லோப்கே.

"வாய் எங்க இருக்கு?" என்றான் காஸ்பர்.

"இறக்கைதான் வாய். மேல இருக்கிற இறக்கை, உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுட்டா, 'வருது'ன்னு அர்த்தம். கல்யாணம், குழந்தை, ஏதோ சந்தோஷம். அதுவே உச்சியைத் தாண்டிப் போய் நின்னா, 'போயிடுச்சு'ன்னு அர்த்தம். அந்த வீட்டுல யாரோ செத்துப்போயிட்டாங்க. அப்ப பக்கத்து ஆலைங்களும் அதே மாதிரி நிக்கும்."

"நின்னுட்டு இருக்கிற இறக்கை வருதா, போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எங்க ஆலைங்க எல்லாம் ஒரே பக்கம்தான் சுத்தும். முன்னாடி நின்னு பாத்தா, வலது பக்கத்துலேர்ந்து உச்சிக்கு ஏறி வரும். இடது பக்கமா இறங்கிப் போயிடும்."

காஸ்பர் எழுந்து நின்று, கைகளை விரித்து இறக்கை மாதிரி சுழற்றிப் பார்த்தான். தொப்பிக்காரரின் தொப்பி பறந்தது. அவனுடைய அம்மா மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துக் கொடுத்தாள்.

கால்வாய் வளைந்தது. படகு, முயல் என்கிற ஆலையின் பின்பக்கமாகப் போனது.

"அக்கா! பொய்தானே சொன்னீங்க? இது தப்பாச் சுத்துது!" என்று கத்தினான் காஸ்பர்.

"தப்பு இல்ல. இது முயலோட முதுகு. நாம பின்னாடி வந்துட்டோம். என்னைப் பாத்து நில்லு. வலது கையைத் தூக்கு."

காஸ்பர் தூக்கினான். லோப்கேயும் அவனைப் பார்த்தபடி தன் வலது கையைத் தூக்கினாள்.

"இப்ப என் கை உனக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

"இடது... அட, ஆமா!"

"அதான் எங்கம்மா எப்பவும் சொல்வாங்க. இடதா வலதான்னு பாக்காதே, வருதா போகுதான்னு பாருன்னு."

அடுத்த திருப்பம் தாண்டினால் நீல நாரை. லோப்கே இதற்காகத்தான் காத்திருந்தாள். "இப்ப வரப்போறது, இந்தக் கால்வாய்லயே அழகான ஆலை. ஏன்னா அது எங்க வீடு! எங்கம்மாதான் அதை..."

பேச்சு பாதியில் நின்றது.

நீல நாரை சுற்றவில்லை. அதன் முன்பக்கம் படகைப் பார்த்தபடி இருந்தது. மேலே இருந்த இறக்கை உச்சியைத் தாண்டி, இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

போயிடுச்சு.

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அவர் கரையைப் பார்த்துக் கத்தினார். கிரீச் என்ற சத்தம்கூட வரவில்லை. எதிர்க்கரையில் யாப் மாமா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆலையும் இப்போது இடது பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தது.

"அக்கா," என்றான் காஸ்பர் மெதுவாக. "இது முன்பக்கம்தானே?"

லோப்கே தலையாட்டினாள். அம்மா காலையில் வாசலில் நின்று சிரித்தது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கா? குழந்தைக்கா? கண்ணீர் மறைத்ததில் ஆலையே கலங்கித் தெரிந்தது. கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஆலைக்குப் பின்னால், மரக்கட்டைகளின் இடுக்கில், இரண்டு மஞ்சள் பூட்ஸ். அவை சும்மா நிற்கவில்லை. குதித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் துக்கம் என்றால் மீப் இப்படியா குதிப்பாள்?

லோப்கே வேகமாக யோசித்தாள். பிரேக் கயிறு தொங்குவது ஆலையின் பின்பக்கம். அங்கே நிற்பது மீப். 'வலது பக்கம்னா சந்தோஷம்' என்று ஆலையின் முன்பக்கப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவள் அவள். பின்னால் நின்றுகொண்டு, தன் வலது பக்கம் நிறுத்தினால்...

அவள் ஓடிப்போய் அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா! மீப்தான் நிறுத்தியிருக்கா. முதுகுப் பக்கம் நின்னுக்கிட்டு வலதுன்னு நிறுத்தியிருக்கா. அந்த பூட்ஸைப் பாருங்க!"

அப்பா பூட்ஸைப் பார்த்தார். அது இப்போது ஒற்றைக் காலில் குதித்தது. அவருக்குப் பாதி உயிர் வந்தது.

லோப்கே மைக்கை வாயருகே கொண்டுபோனாள். 'மீப், தப்பா நிறுத்திட்டடி!' என்று கத்தப்போனவள், வாயை மூடிக்கொண்டாள். மைக்கில் சொன்னால் கால்வாய் முழுக்கக் கேட்கும். மீப்புக்கு இன்றுதான் முதல்முறையாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இத்தனை பேர் முன்னால் தப்பு என்றால், அவள் இனி அந்தக் கயிற்றுப் பக்கமே போகமாட்டாள்.

"மீப்! அக்கா பேசறேன்! படகுல வந்தவங்க இறக்கை சுத்தறதைப் பாக்கணுமாம். பிரேக்கை விடு. நான் 'நில்'னு சொன்னதும் பிடிச்சுக்கோ!"

"நான் எவ்ளோ அழகா நிறுத்தி வெச்சிருக்கேன்!" என்று பின்னாலிருந்து கோபமாக ஒரு குரல் வந்தது.

"தெரியும்டி! இன்னொரு தடவை, எனக்காக!"

கயிறு அசைந்தது. மரம் முனகியது. இடது பக்கம் சாய்ந்திருந்த இறக்கை மெதுவாகக் கீழே இறங்கியது. அடுத்த இறக்கை வலது பக்கத்திலிருந்து ஏறத் தொடங்கியது. ஏறியது, ஏறியது, உச்சிக்குக் கிட்டே வந்தது.

"நில்!"

பிரேக் கரகரத்தது. இறக்கை இன்னும் கொஞ்சம் நகர்ந்து, உச்சிக்கு ஒரு பிடி முன்னால் நின்றது.

"வருது!" என்று கத்தினான் காஸ்பர். "அக்கா, வருது!"

நீல நாரையின் மேல் ஜன்னல் படாரென்று திறந்தது. மருத்துவச்சி யோலந்தா தலையை நீட்டினாள்.

"என்ன, ஆளாளுக்கு எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? பொண்ணு பொறந்திருக்கு! சரியான அவசரக்காரி. என் சைக்கிளை நிறுத்தக்கூட நேரம் குடுக்கல. அம்மாவும் பொண்ணும் சூப்பரா இருக்காங்க. அந்த அப்பனை யாராவது கரையேத்துங்க!"

அதற்குள் அப்பாவே குதித்துவிட்டார். ஒரு கால் கரையில், ஒரு கால் தண்ணீரில். சொட்டச் சொட்ட ஆலைக்குள் ஓடினார். படகே கைதட்டியது.

எதிர்க்கரையில் யாப் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைத் தலையில் மாட்டினார். பொறுமையின் பிரேக்கை விட்டார். அதன் இறக்கையும் ஏறி வந்து, உச்சிக்கு முன்னால் நின்றது. அதைப் பார்த்துத் தூரத்தில் முயல் நின்றது. பிறகு அதற்கடுத்த ஆலை. கால்வாய் நெடுக, ஒவ்வொன்றாக, எல்லா ஆலைகளும் லோப்கேயின் தங்கைக்காக நின்றன. சின்னஞ்சிறு பாப்பாவுக்கு இவ்வளவு பெரிய வரவேற்பா! லோப்கே பெருமையோடு ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள்.

லோப்கே படகைக் கரையில் கட்டியதும் மஞ்சள் பூட்ஸ் தடதடவென்று ஓடி வந்தது.

"அக்கா! அம்மா எங்கிட்டதான் சொன்னாங்க! 'போய் ஆலையை நிறுத்து, அப்பாவுக்குச் சேதி சொல்லு'ன்னு. தனியா நிறுத்தினேன்! ஆமா, நீ எதுக்குத் திரும்பச் சுத்த விட்ட?"

லோப்கே குனிந்து அவள் காதில் ரகசியமாகச் சொன்னாள். மீப்பின் கண்கள் பெரிதாயின. இறக்கையைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ... யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அப்பாவுக்கும்தான்."

"எனக்கும்," என்றான் பக்கத்தில் நின்ற காஸ்பர். "ஆனா சொல்லமாட்டேன். அந்தக் கயித்தை ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பாக்க விட்டா."

பாப்பாவைப் பார்த்தார்கள். தக்காளி மாதிரி சிவந்த முகம். பார்க்க அப்பா மாதிரி இருந்தாள், சத்தம் மட்டும் கிரீச்சிடவில்லை. அம்மா மீப்பை இழுத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். லோப்கேக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, "உன் 'நில்' இங்க வரைக்கும் கேட்டுச்சுடி," என்றாள். அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது!

அப்பா ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து படகில் எல்லோருக்கும் நீட்டினார். வெண்ணெய் தடவிய ரஸ்க், அதன் மேல் இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய்.

"பொண்ணு பொறந்தா இதைக் குடுப்போம். ரஸ்க்கும் குட்டி எலியும்," என்றாள் மீப்.

கடிக்கப் போன தொப்பிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "எலியா?"

"சோம்புக்கு வால் இருக்குல்ல, அதான் அந்தப் பேரு," என்று சொல்லிவிட்டு, காஸ்பர் தன் எலிகளை மொறுமொறுவென்று தின்றான். அதன்பிறகுதான் அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கடித்தவர் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

படகுத்துறைக்குத் திரும்ப வேண்டுமே? யாப் மாமா வந்து சுக்கானைப் பிடித்தார். அப்பா லோப்கேயைப் பார்த்தார்.

"நீ வேணும்னா வீட்லயே இரு. மீதியை யாப் பாத்துப்பார்," என்று கிரீச்சிட்டார்.

"ஊஹூம். நான் ஆரம்பிச்சதை நான்தான் முடிப்பேன்," என்றாள் லோப்கே. "மீப், நீயும் வா. பாதி மைக் உனக்கு."

படகு புறப்பட்டது. துறைக்குப் போகும் வழி, நீல நாரையின் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறது. தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். மேல் இறக்கை இப்போது இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. மெல்லத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

லோப்கே மைக்கைத் தங்கையிடம் நீட்டினாள்.

மீப் மஞ்சள் பூட்ஸோடு இருக்கையின் மேல் ஏறி நின்றாள்.

"தொப்பி மாமா!" கால்வாய் முழுக்க அவள் குரல் கணீரென்று கேட்டது. "தொப்பியைப் போட்டுக்கோங்க! நாம பின்னாடி வந்துட்டோம், அவ்ளோதான். எங்க பாப்பா வந்துக்கிட்டேதான் இருக்கா!"