பொட்டு கலையாத பொத்தான்

ஆயுத பூசைத் தட்டை முழங்கையால் இடித்துக் கவிழ்த்தபோதே ஜோனத்தான் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய மெயில் சர்வரில் இருந்ததையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. கொட்டிய குங்குமத்தைக் கைக்குக் கிடைத்த துணியால் துடைத்தான். புதுப் பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்து, பின்பக்கத்து வயர்களை முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான். தட்டு கவிழ்ந்தபோது பெட்டியின் விசிறிக்குள் போயிருந்த மீதிக் குங்குமம் அவன் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது. சித்தூரில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியின் அலுவலகத்தில் அன்று வேறு ஆள் கிடையாது. ஒரு கம்ப்யூட்டரும் ஓடவில்லை. புது சர்வர் தானாகவே டெலிபோன் லைனைப் பிடித்தது. மோடம் வழக்கம்போலக் கத்தியது. பச்சை விளக்கு வெகுநேரம் விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று ஜோனத்தான் மகிழ்ந்து, பூசைப் பொரியில் ஒரு கை அள்ளித் தின்றான். பழைய மிஷன் சபையில் மூன்று தலைமுறையாக முன்வரிசையில் உட்காரும் குடும்பத்துப் பிள்ளை, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கடைத்தெரு வழியாக நடந்து வீடு போய்ச் சேர்ந்தான்.

கதவைத் திறந்த மனைவி ஈவ்லின் ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கோயில்லருந்து வந்துக்கினு கீறீங்க?"

"சர்வர் ரூம்லருந்து."

"நல்ல சாமிதான். சம்பளத்த ஏத்திக் குடுக்கச் சொல்லி வேண்டிக்கினீங்களா?"

திங்கட்கிழமை காலையில் அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சர்வர் அறை வாசலில் சுமித்ரா நின்றுகொண்டிருந்தாள். முதலாளி ஆதிநாராயணனின் செக்ரட்டரி அவள். அழுது முடித்துவிட்ட முகம்.

"ஜோனத்தாண்ணா, சாயந்தரத்தோட என்ன நின்னுக்கச் சொல்லிட்டாரு."

"யாரு, முதலாளியா? எதுக்கு?"

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். ரேணிகுண்டா ஆலையிலிருந்து ஃபேக்சில் வந்தது. முதலாளி பெயரில் ரேணிகுண்டாவுக்குப் போன மெயில். ரேணிகுண்டா ஆலையை மூட முடிவு செய்திருப்பதாகவும், தோத்தாபுரி மாம்பழ வரத்து முடிகிறவரை ஆட்களுக்குத் தெரிய வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. அங்கே மேனேஜர் வெங்கடரமணன் காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். அவர் படித்து முடிப்பதற்குள் யாரோ அச்செடுத்து டைம் ஆபீஸ் கதவில் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஆட்கள் எல்லாரும் கேட்டில் நிற்கிறார்கள்.

"நான் எழுதலேங்கறாரு முதலாளி. நேத்து திருமலையில இருந்தாராம். அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ரூம் சாவி என்கிட்ட. நேத்து பொழுது சாய வெளக்கேத்த நான் வந்துட்டுப் போனேன். அது பத்தாதுன்னு எங்க ஊட்டுக்காரரு ரேணிகுண்டாவுல பாய்லர் பாக்கறாரு. ஆட்களக் கிளப்பிவிட நான்தான் ஜோடிச்சு அனுப்பினேனாம்."

ஜோனத்தானுக்கு அவள் கணவன் பாலையாவின் கதை தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம், அவள் வேலை எல்லாம் இங்கே. ரேணிகுண்டா ஆலை நிற்குமா, நிற்காதா என்பது தெரிந்தால் முடிவெடுத்துவிடுவார்கள். ஒரு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறாள். முதலாளி சொல்லும் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்."

ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. காலை டிபனுக்கு முன்னால் கோபமாக ஒரு மெயில் அனுப்புவார். காப்பி குடித்ததும் மனசு மாறி, "ஜோனத்தான், அத நிறுத்துப்பா" என்று போன் போடுவார். லைன் மணிக்கு ஒரு தடவைதான் வெளியே இணையும் என்பதால் நிறுத்த அவகாசம் இருக்கும். அனுப்பாமல் நிறுத்திவைத்துவிட்டு, "அழிச்சிடட்டுமா சார்?" என்று இவன் கேட்பான். "பாக்கலாம்" என்பார். சம்பளம் கூடுமா என்றாலும், டாய்லெட் குழாயை மாற்றலாமா என்றாலும் அதே பதில்தான்.

திருப்பதி கணக்கு அலுவலகத்திலிருந்து பத்மாவதி வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கம்பெனியின் உள் தணிக்கையாளர். அவர் வரும்வரை ஒருவரும் ஒரு கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது என்று முதலாளி உத்தரவு. எல்லாரும் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அவர்களுக்குப் புதிய அனுபவம் இல்லை.

பத்மாவதி நாற்காலியில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஆறுவதற்காகக் காத்திருந்தார். பத்து வருஷமாக அடுத்தவர் செய்த குளறுபடிகளைத் தேடி பஸ் ஏறிய களைப்பு அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. ஜோனத்தான் நின்றுகொண்டே மூன்று விதமாகத் துப்பறிந்தான்.

"வைரஸா இருக்கும் மேடம். இல்லாங்காட்டி வெளிநாட்டுல குந்திக்கினு எவனாவது உள்ள பூந்திருப்பான். இல்லாங்காட்டி நம்ம கூழுக்குப் போட்டியா இருக்கற கம்பெனி..."

"அவுனா?" என்றார் பத்மாவதி. அப்படியா என்பதற்கு அவருடைய தெலுங்கு. எதைச் சொன்னாலும் அதுதான். "வெளியிலருந்து நம்ம சர்வருக்குள்ள வர முடியுமா?"

"முடியாது மேடம். நாமதான் வெளிய டயல் பண்ணணும்."

"அப்ப வெளிநாட்டுக்காரன விட்டுடலாம். பாவம், குந்தியிருக்கட்டும்."

அதற்குள் போன் அடித்தது. நாயுடுபேட்டைக் கிடங்கிலிருந்து கோபிகிருஷ்ணன். "இன்னாபா, ரங்கையாவுக்கு இன்னொரு வாட்டி ரிட்டயர்மெண்டா? வெயில் காலத்துல வழியனுப்பின மனுசன். இன்னிக்கி மால போட்ட போட்டோ வந்துகீது!"

"இங்க குடி முழுகிக்கினு கீது, நீ வேற" என்று சொல்லி ஜோனத்தான் போனை வைத்தான்.

"யாரு?" என்றார் பத்மாவதி.

"ஒண்ணுமில்ல மேடம். பழைய போட்டோ ஒண்ணு போயிருக்கு."

"அவுனா?" என்று சொல்லி எழுந்தார். இந்தத் தடவை அதில் கொஞ்சம் உயிர் இருந்தது.

முதலாளியின் அறைக்குள் நுழைந்ததும் பத்மாவதி மேஜையைப் பார்க்கவில்லை. குனிந்து, அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தார். சாமந்திச்சரம் வாடியிருந்தது. ஆன் பண்ணும் பொத்தானின் மேலேயே வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் மெதுவாக அழுத்தினார். காய்ந்த சந்தனம் வெடித்து, செதிலாகத் தரையில் விழுந்தது.

"இது யாரு வெச்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் சுமித்ரா. "சனிக்கெழம பூசையப்போ எல்லாப் பெட்டிக்கும் வெச்சேன்."

"பொத்தான் மேலயே ஏன்?"

"மறுபூசை ஆகாம ஆயுதத்தத் தொடக் கூடாது இல்லீங்களா? நெத்தியில வெச்சாப்புல மேல வெச்சா ஒருத்தரும் மதிக்கறதில்ல. பொத்தான் மேல வெச்சா கை வெக்க மனசு வராது. போன வருஷம் பூசையன்னிக்கே யாரோ சீட்டு ஆடிக்கினு இருந்தாங்க."

ஜோனத்தான் மின்விசிறியை ஆராய்ந்தான்.

பத்மாவதி ஒவ்வொரு மேஜையாகப் போனார். எல்லாப் பெட்டியிலும் பொட்டு கலையாமல் இருந்தது. சர்வர் அறையில் மட்டும் சந்தனம் கட்டைவிரலால் இழுத்துத் துடைக்கப்பட்டிருந்தது. அது யாருடைய கட்டைவிரல் என்று அவர் கேட்கவில்லை.

"மேடம்," என்றான் ஜோனத்தான். சுமித்ராவைக் காப்பாற்ற ஆசைதான், ஆனாலும் துப்பறியும் ஆர்வம் விடவில்லை. "பொட்ட அழிச்சி ஆன் பண்ணிட்டு, திரும்பவும் வெச்சிருக்கலாமே?"

சுமித்ரா அவனைப் பார்த்த பார்வையில் அவன் பாதியாகிவிட்டான்.

"வெச்சிருக்கலாம்" என்றார் பத்மாவதி. "எதால? நேத்து வெளக்கேத்தினப்ப தட்டுல என்னம்மா இருந்தது?"

"ஒண்ணுமில்ல மேடம். குங்குமமே இல்ல. வெறும் வெளக்க மட்டும் ஏத்திட்டுப் போய்ட்டேன். யாரு கொட்டினாங்களோ."

"மெயில் வெளிய போகணும்னா சர்வர் ஓடணும். சர்வர் ஓடினப்ப இந்த ஆபீசுல இருந்த குங்குமமெல்லாம் எங்க இருந்தது, ஜோனத்தான்?"

அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. காலையில் சோப்பு போட்டும் முழுதாகப் போகாத சிவப்பு.

அவர் ஃபேக்ஸ் காகிதத்தை எடுத்தார். "மெயில்ல தேதி ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"அத வுடுங்க மேடம். சர்வர்ல பேட்டரி செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. கரண்ட் போய்ட்டு வந்தா அதுக்கு அன்னிக்கி புத்தாண்டு. ஆபீசுல தேதிய ஒருத்தரும் பாக்கறதில்ல."

"எந்த சர்வர்ல?"

"பழைய..." என்று ஆரம்பித்த ஜோனத்தான் அங்கேயே நின்றான். புதுப் பெட்டியில் புது பேட்டரி. அதன் கடிகாரத்தை நேற்று அவனே சரியாக வைத்திருந்தான்.

"வாங்க" என்றார் பத்மாவதி. "முதலாளிகிட்ட போலாம். ரெண்டு வாட்டி சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

ஆதிநாராயணன் தன் அறைக்குத் திரும்பியிருந்தார். மொட்டைத் தலை, கழுத்தில் துண்டு. மேஜைமேல் டெலிபோன் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ரேணிகுண்டா கேட்டின் கூச்சல் சன்னமாக வந்துகொண்டிருந்தது. வெங்கடரமணன் அந்தப் பக்கம் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நேத்து நான் திருமலையில இருந்தேம்மா" என்றார் முதலாளி, பத்மாவதி கேட்கும் முன்னரே. "க்யூவுல நிக்கறவன் மெயில் அடிப்பானா?"

"அடிக்கல சார். நேத்து இங்க ஒருத்தரும் அடிக்கல. எந்த பொத்தான் மேலயும் பொட்டு கலையல. ஓடினது சர்வர் ஒண்ணுதான். அது தானா மெயில் எழுதாது. எழுதி வெச்சிருந்தத அனுப்பும். தேதியப் பாருங்க, இது பழைய சர்வர்ல எழுதினது. தோத்தாபுரி வரத்து முடியறவரைக்கும் சொல்லாதீங்கன்னு இருக்கு. ஆயுத பூசை மாசத்துல மரத்துல எங்க சார் தோத்தாபுரி? இது பழம் வரத் தொடங்கறதுக்கு முன்னாடி எழுதினது." அவர் ஜோனத்தான் பக்கம் திரும்பினார். "ரங்கையா போட்டோ அப்பவே ஏன் போகல?"

ஜோனத்தான் நெற்றியைத் தேய்த்தான். "பெரிய போட்டோ மேடம். லைன அடைச்சிக்கும்னு நிறுத்தி வெச்சேன். அப்புறம் மறந்துட்டேன்." அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "பழசுல நான் நிறுத்தி வெச்சதெல்லாம் அப்படியே புதுசுக்கு வந்திருக்கு. எது நிறுத்தினது, எது அனுப்பவேண்டியதுன்னு புதுசுக்குத் தெரியாது. ஆன் பண்ணதும் எல்லாத்தையும் அனுப்பிடுச்சி. நேத்து அந்த வெளக்கு அவ்ளோ நேரம் மினுக்கினது அதுக்குத்தான். நான் பொரி துன்னுக்கினு வேடிக்க பாத்தேன்."

"முதலாளி மெயில யாரு நிறுத்தச் சொன்னது?"

"அவருதான். வெயில் காலத்துல ஒரு நா காலைல. எத்தினியோ வாட்டி சொல்லியிருக்காரு, அதுல ஒண்ணு. உள்ள இன்னா இருக்குன்னு நான் படிக்கறதில்ல மேடம். அழிச்சிடட்டுமான்னு கேட்டேன்." மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

ஆதிநாராயணன் துண்டால் தலையைத் துடைத்தார். வியர்க்காத தலையை.

"நேத்து எழுதலேன்னு சொன்னீங்க, அது நெசம்" என்றார் பத்மாவதி அலுப்போடு. "எப்பவுமே எழுதலேன்னு நீங்க சொல்லல. நானும் கேக்கல. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொன்னதத் திருப்பி எடுத்துக்கங்க சார். நான் மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

"சரிம்மா சுமித்ரா" என்றார் முதலாளி, மேஜையைப் பார்த்துக்கொண்டு. "உன் மேல தப்பு இல்ல. போய் வேலையப் பாரு."

சுமித்ரா போகவில்லை. கண் மேஜைமேல் கிடந்த ரிசீவர்மேல் இருந்தது. அதற்குள் நிற்கும் கூட்டத்தில் பாலையாவும் ஒருவன்.

"அப்ப என் தப்பா மேடம்?" என்று ஜோனத்தான் மெல்லக் கேட்டான்.

"அவுனா?" என்று பத்மாவதி ஃபிளாஸ்கை மூடினார்.

ஜோனத்தானுக்குச் சட்டென்று எல்லாமே அலுத்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த அலுவலகத்தில் அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் எங்கோ ஒரு பழைய பெட்டிக்குள், அனுப்பப்படாமலும் அழிக்கப்படாமலும் கிடப்பதுபோல இருந்தது. முதலாளியின் மேஜைக்கு அருகில் போய் நின்றான். சாதாரணமாக அவன் கதவோரம்தான் நிற்பான்.

"சார், அன்னிக்கி கேட்டதத்தான் திரும்பக் கேக்கறேன். அந்த மெயில அழிச்சிடட்டுமா? இது பொய்யின்னு எல்லாருக்கும் ஒண்ணு அனுப்பிடறேன். இல்ல, அதுல இருக்கறது நெசமா?"

"பாக்..." என்று தொடங்கிய ஆதிநாராயணன் நிறுத்திக்கொண்டார். தரையில் உடைந்து கிடந்த சந்தனச் செதிலைப் பார்த்தார். சுமித்ராவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ரிசீவரை எடுத்து அந்தப் பக்கமும் கேட்கும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஜோனத்தானின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நெசம்தாம்ப்பா. தை மாசத்தோட மூடறேன். சுமித்ரா, பாலையாவ ஸ்ரீபெரும்புதூருக்குப் போகச் சொல்லு."