உடுமலை-3

திரையில் ‘உடுமலை-3’ என்ற வரி 64 என்று காட்டியது. ஒரு நிமிடம் கழித்து 97. அடுத்த நிமிடம் மறுபடி 64.

கொப்பரை உலர்த்தும் அறையின் வெப்பம் அப்படிக் குதிக்காது. ஏறினாலும் மெல்ல ஏறும், இறங்கினாலும் மெல்ல இறங்கும். ஜெஃபின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணி. பீளமேட்டில் அந்த நான்காம் மாடி அலுவலகத்தில் அவன் மட்டும்தான் இருந்தான். யாரோ வெள்ளிக்கிழமை மறந்துவிட்டுப் போன தயிர்சாத டப்பாவின் புளிப்பு வாடையை ஏசி அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தது. எப்போதாவது ஒரு விமானம் கண்ணாடியை அதிரவைத்துத் தாழ இறங்கியது. அது போன பிறகு வந்த அமைதி முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது.

நூற்பாலை, எண்ணெய் ஆலை, குளிர்சாதனக் கிடங்கு என்று நூற்று நாற்பது இடங்களை அந்த அறையிலிருந்து கண்காணித்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் கையகலப் பெட்டி ஒன்று. அதற்குள் ஏஜெண்ட் என்கிற சின்ன நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை இங்கே சர்வருக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

போன் அடித்தது. உடுமலை ஆலை முதலாளி லட்சுமணசாமி.

“ஏனுங்க தம்பி, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுங்க.”

“நல்லதுங்க. நீங்க சாப்பிட்டுப்போட்டீங்க. இங்க என்ற ஆளுக சோத்துல கைய வெச்சா உங்க மெசினு தொண்ணூத்தேழுன்னு கத்துதுங்க. ஓடிப் போய்ப் பாத்தா அறுபத்தி நாலு. மூணு தடவ ஓடியாச்சு. இனி வரமாட்டேன்னு ராசப்பன் உக்காந்துட்டானுங்க.”

பின்னாலிருந்து ராசப்பனின் குரல் கேட்டது. “அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைக்கச் சொல்லுங்க! பொறவு வாயத் தொறக்காது!” சிலர் சிரித்தார்கள்.

“அஞ்சு மணிக்குத் தேங்காத்தொட்டி போட்டு நெருப்பக் கூட்டறமுங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீனா அலாரத்தப் புடுங்கி வீசிப்போடுவேன். அப்பறம் நெசமாவே பத்திக்கிட்டா, உள்ள நிக்கறவன் உசுருக்கு உங்ககிட்டத்தான் வருவேனுங்க. கோவிச்சுக்காதீங்க கண்ணு.”

வைத்துவிட்டார்.

காரணம் ஜெஃபினுக்குத் தெரியும். இரண்டு பெட்டிகள் ஒரே அடையாளத்தோடு பேசுகின்றன. ஒவ்வோர் இடத்தின் உள் நெட்வொர்க்கும் தனித்தனி வீடு. இந்த வீட்டில் இருக்கும் அதே முகவரி அந்த வீட்டிலும் இருக்கும். அதனால் சர்வர் முகவரியை நம்புவதில்லை. ஏஜெண்டை முதன்முறை நிறுவும்போது உண்டாகும் நீண்ட அடையாள எண்ணை மட்டுமே நம்புகிறது. ஒரு பெட்டியின் மெமரி கார்டை அப்படியே நகலெடுத்து வேறொரு பெட்டியில் போட்டால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். அப்புறம் சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான். செய்யக் கூடாது என்று புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பான்.

ஒருமுறை அவனே செய்தான்.

நுரையீரல் இறுகிப்போன மனைவி ஷைலாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது அவனுக்கு ஒரு மாலை நேரம் மட்டுமே இருந்தது. உடுமலை-3இன் கார்டை நகலெடுத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் கிளிப்பைப் பெட்டியில் இணைத்து, ஒண்டிப்புதூர் வீட்டில் அவள் கட்டிலருகே வைத்தான். எச்சரிக்கை முதலில் தனக்கும், தான் பார்க்காவிட்டால் மாமனார் தங்கராஜுக்கும் போகும்படி எண்களை எழுதினான். அடையாளத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டான். உடுமலையில் அப்போது அடுப்புப் பழுது, பெட்டி அணைந்துகிடந்தது. ஒன்பது நாள் எந்தச் சிக்கலும் இல்லை. பத்தாம் நாள் அங்கே அடுப்பை மறுபடி பற்றவைத்தார்கள்.

அன்றும் ஞாயிறு. ஷைலாவின் அம்மா ஆராதனைக்குப் போயிருந்தார். ஜெஃபின் இதே நாற்காலியில் இருந்தான். நாலு பன்னிரண்டுக்குப் போனில் வந்தது: உடுமலை-3. அளவு 61. குறைவு.

உலர்த்தும் அறை 61க்கு இறங்கினால் அடுப்பில் இன்னும் நாலு கூடை சிரட்டை போட வேண்டும், வேறொன்றுமில்லை. ‘பார்த்தாயிற்று’ என்ற பொத்தானை அமுக்கினான். எச்சரிக்கை மூடிக்கொண்டது, வேறு யாருக்கும் போகவில்லை. பக்கத்து அறைக்குப் போய் மெஷினில் ஒரு காபி பிடித்துக்கொண்டான்.

அந்த 61 உடுமலையிலிருந்து வரவில்லை.

“மெசின்லருந்து அலாரமே வரலீங்க மாமா” என்று தங்கராஜிடம் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ என்ன கண்ணு பண்ணுவே” என்றார். அடக்கம் முடிந்த அன்று மாலை கார்டை இரண்டாக ஒடித்தான். பெட்டியையும் கிளிப்பையும் சேர்த்து சிங்காநல்லூர் குளத்தில் போட்டான். எட்டு மாதம் ஆகிறது.

97.

ஜெஃபின் விவரத்தைத் திறந்தான். இரண்டு இணைப்புகள். முதலாவது உடுமலையிலிருந்து. இரண்டாவதற்கு எங்கிருந்து என்ற இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். ஏசியின் உறுமலுக்கு அடியில், சில நொடிக்கு ஒருமுறை, யாரோ பல்லிடுக்கில் காற்றை விடுவது போல. புஸ். இடைவெளி. புஸ். ஷைலாவின் ஆக்சிஜன் மெஷின் அந்தப் பத்து நாளும் இரவும் பகலும் அப்படித்தான் மூச்சு விட்டது. தயிர் வாடை போய்விட்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் குழாயும் விக்ஸும் கலந்து மணத்தது.

செய்ய வேண்டியது ‘பிரி’. இரண்டாவது பெட்டி தன் எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கிக்கொள்ளும். பழைய பதிவுகளும் பிரிந்து அதனதன் பெட்டிக்குப் போகும். அந்த ஞாயிறின் 61ம், அதை மூடியவன் பெயரும், நேரமும், எட்டு மாதம் தாமதமாகத் தங்கராஜின் போனுக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு வழி ‘அழி’. பதிவோடு சேர்ந்து எல்லாமே போய்விடும்.

சுட்டியை ‘அழி’ மேல் கொண்டுபோனான். பின்னால் புஸ் சத்தம் நின்றது. காத்திருப்பது போல.

அழுத்தினான்.

உடுமலை-3: 64. அடுத்த நிமிடம் 64. அதற்கடுத்தும் 64. மணி நாலு ஏழு. ஜெஃபின் நாற்காலியில் சாய்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பட்டியலின் கடைசியில் ஒரு புது வரி முளைத்தது.

அழிக்கப்பட்ட ஏஜெண்ட் உயிரோடு இருந்தால் மறுபடி வந்து பதிவு செய்துகொள்ளும். அதையும் அவன்தான் சொல்லிக்கொடுப்பான். பெயர் என்ற கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சாவகாசமாகத் தட்டச்சு செய்பவரின் வேகத்தில்.

பெயர்: ஜெஃபின்.

இடம்: பீளமேடு, நான்காம் மாடி.

எச்சரிக்கை பெறுபவர்: ஷைலா.

அளவு: 97.

இடது ஆள்காட்டி விரலை ஏதோ கவ்வியது. குனிந்து பார்த்தான். விரலில் ஒன்றும் இல்லை. நகத்துக்கு அடியில், சதைக்குள்ளே, சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது.

93.

எழுந்தான். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

88. நெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள். முழங்கால் மடிந்தது. விரலை உதறினான். தரையில் தேய்த்தான். பல்லால் கடித்தான். வெளிச்சம் அப்படியே.

மேசை மேல் போன் அடித்தது. எட்டி இழுத்தான். அது கீழே விழுந்து அவன் முகத்தருகே கிடந்தது. கன்னத்தால் அமுக்கினான்.

“சரியாயிருச்சுங்க தம்பி!” என்றார் லட்சுமணசாமி. “அறுபத்தி நாலுலயே நிக்குது. முன்னாலயே பண்ணியிருந்தா நாங்க சூடாச் சோறு தின்னிருப்பமுங்க.”

வாயைத் திறந்தான். காற்று உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

“ஏனுங்க? கேக்குதுங்களா? கோவமாட்ட இருக்குது.” கொஞ்ச நேரம் காத்திருந்தார். “செரி, பேசலீனா போங்க. வெச்சர்றனுங்க.”

79.

தரையிலிருந்து திரை தெரிந்தது.

70.

உதடுகள் நீலமாவதை அவனால் உணர முடிந்தது. ஷைலாவின் உதடுகளை அப்படித்தான் பார்த்தான். வீட்டுக்குப் போன பிறகு.

61.

வரி சிவந்தது. நாலு பன்னிரண்டு. எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை இமைக்கவில்லை.

அடியில் ஒரு வரி வந்தது.

ஷைலா: பார்த்தாயிற்று.

சிவப்பு போய் வரி பச்சையானது. 58. பச்சை. 52. பச்சை.

பக்கத்து அறையில் காபி மெஷின் ஓடத் தொடங்கியது.