பதினெட்டு வார்த்தைகள்

எட்டாம் கூடத்தில் காலை ஆறு மணிக்கு எல்லா வீடுகளும் விழித்துக்கொண்டன. மங்கை தன் கணவன் கதிரேசனை இரண்டு முறை எழுப்பினாள், மூன்றாம் முறை திட்டினாள். பக்கத்து வீட்டுப் பெனசீரிடம் ஒரு கிண்ணம் புளித்த மாவு கேட்டாள். எதிர்வீட்டுக்காரர் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள். இவ்வளவும் நடந்தபோது காற்று இயந்திரத்தின் முனகலைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தம் இல்லை. மங்கையின் உதடுகள்கூட அசையவில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் நல்ல வளர்ப்பு என்றால் அதுதான். சுரங்கத்தில் வேலை ஒரு நாளைக்கு மூன்று முறை மாறும். எந்த நேரத்திலும், ஏதாவது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். சுவர்களோ அப்பளம் போல மெல்லியவை. அதனால் வாய்விட்டுப் பேசுவது அங்கே அநாகரிகம்; பந்தியில் உட்கார்ந்து பல் தேய்ப்பதைப் போல.

பேச்சுக்கு அகக்குரல் இருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னும் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் பொருத்தப்பட்ட கருவி அது. பேச நினைத்ததும் தொண்டைத் தசைகள் வெளியே தெரியாமல் துடிக்கும்; அந்தத் துடிப்பைப் படித்து, சொற்களாக்கி, வேண்டியவரின் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு விரல்களால் அழுத்தினால் திறக்கும். நீண்ட பேச்சென்றால் பெரியவர்கள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எங்கோ பார்த்தபடி நிற்பார்கள். அது திறந்திருக்கும்வரை வெளிச்சத்தம் மங்கிவிடும். குழந்தையின் அழுகையை மட்டும் கருவி உள்ளே விடும். அதைச் செய்த பொறியாளருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும்.

பிள்ளை பெற்றவர்களுக்கென்று அகக்குரலில் தனியாக ஒரு வழி உண்டு. தோள்வட்டம் என்று பெயர். எட்டாம் கூடத்தில் பிள்ளைகள் உள்ள பன்னிரண்டு குடும்பங்களும் அதில் இருந்தன. உதவிக்கு வர அம்மாவோ மாமியாரோ அத்தையோ இல்லாத ஊர் அது. அவர்கள் எல்லாரும் இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். மங்கைக்கு ஆறு நாள் காய்ச்சல் வந்தபோது, அவள் கேட்காமலேயே வேளாவேளைக்குக் கஞ்சி வந்தது. அவள் குழந்தையை முறை வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டார்கள். தோள்வட்டம் இல்லாவிட்டால் என்னவாகியிருப்போம் என்று மங்கை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அப்படி நினைப்பதையும் தோள்வட்டத்தில்தான் சொல்வாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் அங்கே சொல்லவில்லை.

அவள் மகள் துளிருக்கு இரண்டரை வயது முடியப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டரை வயதில் அங்கே வாய்மொழிச் சோதனை உண்டு. மருத்துவர் தன் காதால், பொருளுள்ள ஒரே சொல்லை மூன்று முறை கேட்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அகக்குரல் பேசிப் பழகிய தொண்டையைத்தான் படிக்கும். பேசாத தொண்டையில் அதற்கு வேலையில்லை; அதனால் சோதனையில் தேறிய பிறகே குழந்தைகளுக்கு அதைப் பொருத்துவார்கள். சோதனையில் தேறாத குழந்தையைச் சிகிச்சைக்காகப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். கூட ஒருவர் போகலாம். கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. பயணம் ஏழு மாதம். அடுத்த கப்பல் வர இரண்டு வருடத்துக்கு மேலாகும். கதிரேசனின் சுரங்க ஒப்பந்தமோ இன்னும் ஆறு வருடம்.

சோதனை புதன்கிழமை. இன்று திங்கள்.

"ஏங்க, இவ மறுபடியும் காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா," என்றாள் மங்கை அகக்குரலில்.

துளிர் சாப்பாட்டு மேசையருகே நின்றிருந்தாள். இரண்டு விரல்களைக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக இப்படித்தான்.

"டாக்டர் பார்த்துட்டாங்களே. காது நல்லாருக்கு, நாக்கு நல்லாருக்கு, மூளை நல்லாருக்கு," என்றான் கதிரேசன், காலணியை மாட்டிக்கொண்டே.

"எல்லாம் நல்லாருந்தா ஏன் பேச மாட்டேங்குறா?"

அவன் காலணியை மாட்டி முடித்தான். குனிந்து மகளின் உச்சியில் முத்தமிட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போனான்.

மங்கை தோள்வட்டத்தைத் திறந்தாள். பாப்பா காதைப் பிடித்துக்கொள்கிறாள் என்று மட்டும் சொன்னாள். மறுகணம் பதில்கள் கொட்டின. பூண்டு எண்ணெயைச் சூடு காட்டி ஒரு சொட்டு விடு. பல் முளைக்கும் வலி காதுக்கு ஏறும். காற்றழுத்தம் மாறினால் அப்படி இருக்கும். பெனசீர், "எங்க ஆதிலும் அப்படித்தான் பண்றான், பயப்படாதே," என்றாள். பதினோராம் வீட்டு அந்தோணி, மதியம் துளிரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், மங்கை கொஞ்சம் படுக்கலாம் என்றும் சொன்னான். மங்கைக்குக் கண் கலங்கியது.

அப்போதும் அவளால் அந்த ஒன்றைச் சொல்ல முடியவில்லை. காரணம் அவள் செய்த காரியம்தான். இரண்டு மாதத்துக்கு முன் யாரோ, "துளிர் என்னல்லாம் பேசுறா?" என்று கேட்டார்கள். கூடத்தில் பிறந்த மூத்த குழந்தை துளிர். அடுத்தவன் ஆதில், பதினைந்து நாள் இளையவன். எல்லாரும் காத்திருந்த அந்தக் கணத்தில் மங்கை, "பதினெட்டு வார்த்தை," என்று சொல்லிவிட்டாள். ஏன் பதினெட்டு என்று அவளுக்கே தெரியாது. அதன் பிறகு அந்தப் பதினெட்டு கூடத்தின் அளவுகோலாகிவிட்டது. ஒன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தோணி, "நம்மாளு இன்னும் வாயே திறக்கல மங்கை, துளிர் எப்போ ஆரம்பிச்சா?" என்று கேட்டபோது, மங்கை அவனுக்கு அரை மணி நேரம் ஆறுதல் சொன்னாள்.

அன்றும் மறுநாளும் அவள் துளிருக்குப் படங்களைக் காட்டினாள். சுவர்த்திரையில் யானை வந்தது, ஆறு வந்தது, சத்தமில்லாமல் மழை பெய்தது. துளிர் எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மங்கை ஒரு சிறு பெட்டியை எடுத்து, துளிரின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். வேலையிலிருந்து வந்த கதிரேசன் அதைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துக் கொடுத்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. சூரியப் புயல்.

புயல் வந்தால் எல்லாரும் கூடத்தின் நடுவிலுள்ள காப்பறைக்குப் போய்விட வேண்டும். சுரங்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் மண் இருக்கிறது, பயமில்லை. மங்கை துளிரைத் தூக்கிக்கொண்டு, அவித்த பட்டாணி டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே போனதும் காதுக்குப் பின்னால் அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். தலைக்குள் யாருமே இல்லை. புயலில் அகக்குரல் அணைந்துவிட்டது.

காப்பறையில் நாற்பது பேர் காதைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

முதலில் தொண்டையைச் செருமியது பெனசீர்தான். "கேக்குதா?" என்றாள். துருப்பிடித்த கதவு திறப்பதைப் போலிருந்தது அவள் குரல். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இருந்தது.

தூங்குகிறவர் யாரும் இல்லாததால் எவருக்கும் கூச்சம் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் அறை சந்தையாகிவிட்டது. குழந்தைகள் அழவில்லை. தாய்மார் மடியில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. துளிர் மங்கையின் உதட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, வரும் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

பெனசீர் ஆதிலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்குதானே உனக்குச் சோதனை? துளிருக்கென்ன, பதினெட்டு வார்த்தை."

மங்கை மகளைப் பார்த்தாள். பெட்டியில் மடித்து வைத்த சட்டைகள் நினைவுக்கு வந்தன. "பெனசீர், ஒரு வார்த்தைகூட இல்ல," என்றாள். "பொய் சொல்லிட்டேன்."

பெனசீர் ஆதிலின் தலையைத் தடவினாள். பிறகு மெதுவாக, "இவனும் பேசல," என்றாள்.

"இருபது வார்த்தைன்னு சொன்னியே."

"நீ பதினெட்டுன்னே. அதான் நான் இருபதுன்னேன்."

மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்துக் குலுங்கினார்கள். முன்வரிசையில் இருந்த அந்தோணி திரும்பினான். "அடிப்பாவிங்களா," என்றான். "ரெண்டு மாசமா நான் தூங்கல."

அன்று துளிரைச் சோதிக்கவிருந்த டாக்டர் ஜெயசீலி எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வந்து ஆதிலின் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். அவன் கண்கள் அவள் வாயிலேயே இருந்தன.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க," என்றாள். "வீட்ல இவங்ககிட்ட வாயால பேசுறதுண்டா?"

மங்கை பெனசீரைப் பார்த்தாள். பெனசீர், "பக்கத்துல தூங்குவாங்களே டாக்டர்," என்றாள்.

"நானும் உங்ககிட்ட அகக்குரல்லதான் பேசினேன்," என்றாள் ஜெயசீலி. "காதைச் சோதிச்சேன், தொண்டையைச் சோதிச்சேன். அந்தக் காதுல நாம என்ன போட்டோம்னு பார்க்கல."

மங்கை துளிரின் விரல்களைப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்கள், சாய்ந்த தலை, தொலைவில் நிற்கும் கண்கள். பூண்டு எண்ணெய் யோசனை நினைவுக்கு வந்தது. குழந்தைக்குக் காது வலிக்கவில்லை. அது பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் பேசுவதைப் போலவே.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவள் நிறுத்தவில்லை. தொண்டை கரகரத்தது, இருமினாள், மறுபடியும் பேசினாள். இது டப்பா. இது மூடி. இது பட்டாணி. இந்தா, அம்மா தர்றேன், இந்தா. ஒவ்வொரு பட்டாணிக்கும் ஓர் "இந்தா" சொன்னாள். துளிர் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். டப்பாவில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தபோது, அவள் ஒரு பட்டாணியை எடுத்து, மங்கையின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ந்தா," என்றாள்.

சின்னக் குரல். கொஞ்சம் மூக்கால் வந்தது. மங்கை பட்டாணியை வாங்கவில்லை. டாக்டரைத் தேடித் திரும்பினாள்.

"டாக்டர், சொல்லிட்டா."

ஜெயசீலி அறையின் மறுகோடியில் வேறொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் காதால மூணு முறை கேக்கணும் மங்கை. அதையே சொல்ல வைங்க, இதோ வந்துட்டேன்," என்று படிவத்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். மூன்று கட்டங்கள் காலியாக இருந்த படிவம் அது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துளிரின் முன்னால் மண்டியிட்டாள்.

அந்தக் கணத்தில் சங்கு நீளமாக ஒரு முறை ஊதி நின்றது. புயல் கடந்துவிட்டது. நாற்பது பேரின் காதுக்குப் பின்னும் ஒரு சிறு துடிப்பு எழுந்தது. அகக்குரல் திரும்பிவிட்டது.

"ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்க," என்று ஜெயசீலி இரண்டு விரல்களைக் காதுக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு நிமிடம்தானே என்று மங்கையும் வைத்தாள். இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? முதலில் சுரங்கத்திலிருந்த கதிரேசனிடம் சொன்னாள், அவன் அழுதான். பிறகு தோள்வட்டத்தைத் திறந்தாள். துளிர் பேசிட்டா, என்றாள். பதினெட்டு பொய், இது நிஜம், என்றாள். நாமதான் தப்புப் பண்ணியிருக்கோம், பிள்ளைங்ககிட்ட வாயால பேசணும், என்றாள். வாழ்த்துகள் வெள்ளமாக வந்தன. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று எல்லாரும் உருகினார்கள். தினமும் எத்தனை நிமிடம் வாய்விட்டுப் பேசுவது என்ற கேள்வி வந்தது. அந்தோணி இருபது என்றான், பெனசீர் முப்பது என்றாள். தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் ஒரு நேர அட்டவணை போடலாம் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் பேசி முடித்த ஜெயசீலியையும் உள்ளே இழுத்தார்கள். மருத்துவ ரீதியாக எது நல்லது என்று அவள் விளக்கத் தொடங்கினாள்.

காப்பறை பழையபடி அமைதியாகிவிட்டது. காற்று இயந்திரம் முனகியது.

"ந்தா," என்றாள் துளிர்.

மங்கையின் முகத்துக்கு நேரே பட்டாணியை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். "ந்தா." அம்மாவின் கண்கள் சுவரைத் தாண்டி எங்கோ பார்த்து நனைந்திருந்தன. துளிர் டாக்டரின் பக்கம் திரும்பி, அவளிடமும் நீட்டினாள். "ந்தா." பிறகு மறுபடி அம்மாவிடம். "ம்மா. ந்தா. ம்மா." அவள் அழவில்லை. அதனால் கருவி அதை உள்ளே விடவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து ஜெயசீலி விவாதத்திலிருந்து கொஞ்சம் விலகி, பேனாவை எடுத்தாள். மங்கையை நிமிர்ந்து பார்த்து, அகக்குரலில் சொன்னாள்:

"சரி, இப்போ சொல்லச் சொல்லுங்க. கேப்போம்."

இருவரும் ஆவலோடு குனிந்தார்கள்.

துளிர் பட்டாணியை டப்பாவுக்குள் திரும்ப வைத்தாள். இரண்டு விரல்களைக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து, நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளையாக, எங்கோ பார்த்தாள்.