சுடாத கால்

அன்று மத்தியானம், தன்னோடு கடலுக்குப் போகும் மார்க்கண்டு மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்து அப்பா உள்ளே வந்தார்.

அப்பாவின் இடது கால் மணலில் இழுபட்டது. அந்தக் காலின் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"படகுக்குள்ளை வழுக்கி விழுந்திட்டன். நாரி பிடிச்சிட்டுது. வேறை ஒண்டுமில்லை" என்றார் அப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அம்மா நம்பினார். அப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு, ஒத்தடத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக் குசினிக்கு ஓடினார்.

நான் நம்பவில்லை. என் அப்பா மயிலிட்டியில் கடலட்டை பிடிக்கிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய், மணலில் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கி வருவார். அட்டை என்றதும் இரத்தம் குடிக்கிற அட்டையை நினைக்க வேண்டாம். இது வெள்ளரிக்காய் மாதிரிப் பருத்திருக்கும், ஒருவரையும் கடிக்காது. ஆடுகிற படகில் நின்றுகொண்டே அப்பா தேத்தண்ணீர் குடிப்பார், ஒரு துளி சிந்தாது. அவரா வழுக்கி விழுந்தார்?

எங்கள் ஒழுங்கை முடிவில் சயந்தன் அண்ணையின் கடை இருக்கிறது. அவரும் முன்பு அட்டைக்குப் போனவர்தான். மூன்று வருடத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். அன்றிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம், இனி ஆழத்துக்குப் போவதில்லை என்று வாக்கு வாங்கியிருந்தார்.

அப்பாவுக்குத் தலையணை எடுக்க அறைக்குள் போனேன். கதவுக்கு வெளியே மாமா மெல்லிய குரலில் கதைத்தது எனக்குக் கேட்டது.

"அவ்வளவு ஆழத்திலையிருந்து ஒரே மூச்சிலை மேலை வந்திருக்கக் கூடாது."

காற்று முடிந்துபோனால் வேறு என்ன செய்வது என்று அப்பா கேட்டார். மாமா ஒரு வழி சொன்னார். நாலு மணிக்குத் திரும்பவும் கடலுக்குப் போவதாம். புதுச் சிலிண்டரோடு அப்பாவைக் கீழே இறக்கி, அரை மணித்தியாலம் வைத்திருந்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவதாம். கால் சரியாகிவிடுமாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். அப்பாவும் ஓம் என்றார். மாமா சிலிண்டர் எடுக்கப் போனார்.

தலையணையோடு நான் வெளியே வந்ததும், நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார்.

"நிரோஜினி, அம்மாவுக்குச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு என்ன செய்ய? தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும் என்று வகுப்பில் தர்சிகா சொல்லியிருக்கிறாள். வெடிப்பது என் தலை என்றால்கூடப் பரவாயில்லை. நான் கை வைத்தது அப்பாவின் தலையில்.

அம்மா பெரிய பேசினில் ஆவி பறக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்பா தன் இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கித் தண்ணீருக்குள் விட்டார். விட்ட உடனே முகம் சுளித்தது. "சுடுது, சுடுது" என்று திரும்பவும் கைகளால்தான் தூக்கி வெளியே வைத்தார். அம்மா பச்சைத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனார்.

அப்பா மாமா வரும் வழியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். அப்போது வலது காலைத் தூக்கி, பார்க்காமலே பேசினுக்குள் வைத்துவிட்டார்.

இப்போது கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. சும்மா இருந்தார். தண்ணீர் ஆறிவிட்டதோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். அம்மாடி, விரல் வெந்துபோயிற்று.

"அப்பா, காலைத் தூக்குங்கோ. சுடேல்லையே?"

"எந்தக் கால்?"

குனிந்து பார்த்தவர் காலைச் சட்டென்று வெளியே எடுத்தார். அந்தக் கால் அவர் சொன்னதை நன்றாகக் கேட்டது. ஆனால் கணுக்கால் வரை சிவந்துபோயிருந்தது.

"அது நல்ல கால். சும்மா பயப்பிடாதை" என்றார். அவருடைய குரல்தான் பயந்திருந்தது.

மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்துவந்தேன். அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னேன். இடது காலில் வைத்தேன். குளிருது என்றார். வலது காலில், சிவக்காத முழங்காலுக்குக் கிட்ட வைத்தேன்.

"ஏதோ தொடுது."

"குளிருதே?"

கண்ணைத் திறந்து ஐஸ் துண்டைப் பார்த்தார். பிறகு, "இல்லை" என்றார்.

நடக்காத காலுக்குச் சூடும் குளிரும் தெரிகிறது. நடக்கிற காலுக்கு இரண்டும் தெரியவில்லை. இது என்ன மாதிரி நோய் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இது வெறும் நாரிப் பிடிப்பு இல்லை என்று விளங்கியது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டே கால்.

அம்மா வாளியோடு வந்தார். சத்தியம் என் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்.

"அம்மா, அப்பாவின்ரை கால் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பவே."

எண்ணெய் பூசினால் போதும் என்றார் அப்பா. நான் அழத் தொடங்கினேன். நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, பயத்தில் அழுகை தானாக வந்தது. அம்மா காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓட்டோவுக்குப் போன் எடுத்தார்.

ஒழுங்கை முடிவில் சயந்தன் அண்ணை நாற்காலியில் இருந்தபடி எனக்குக் கை காட்டினார். திரும்பக் கை காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் இருந்தார். அப்பாவின் வெந்த காலைக் கழுவி மருந்து போட்டார். எப்படி வெந்தது என்று கேட்டார். பார்க்காமல் வைத்துவிட்டேன் என்றார் அப்பா. மற்றக் கால் ஏன் இழுக்கிறது என்று கேட்டார். படகில் வழுக்கி நாரி பிடித்துவிட்டது என்றார் அப்பா. டொக்டர் இடது காலை மடக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

சுவர் மணிக்கூடு மூன்று இருபது காட்டியது. அப்பா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார்.

சொன்னால் அப்பாவின் தலை. சொல்லாவிட்டால் அப்பாவின் கால். செய்த சத்தியத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லமாட்டேன் என்றுதானே சொன்னேன்? டொக்டரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே.

"டொக்டர், உங்கடை காதிலை ஒண்டு சொல்லவேணும்."

அவர் குனிந்தார். ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தது, சுடாத கால், குளிராத கால், நாலு மணிக் கடல், எல்லாவற்றையும் காதுக்குள் கொட்டினேன். அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க வாயை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டேன்.

டொக்டரின் முகம் மாறியது. பஞ்சும் ஊசியும் எடுத்தார். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டு கால்களிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வலது காலில் ஊசி முனை குத்தியது அப்பாவுக்குத் தெரியவில்லை. நேர்சைக் கூப்பிட்டு, மூச்சுக்கு ஒட்சிசன் முகமூடி கொண்டுவரச் சொன்னார்.

"திரும்பக் கடலுக்குள்ளை இறங்கினால் இன்னும் மோசமாகும். நல்ல வேளை இறங்கேல்லை" என்றார்.

"எந்தக் கடலுக்குள்ளை?" என்று அம்மா கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அம்புலன்ஸ் வரும் வரை டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். முதுகெலும்புக்குள்ளே முண்ணாண் என்று ஒன்று ஓடுகிறதாம். மூளையும் கால்களும் அதன் வழியாகத்தான் கதைக்கின்றனவாம். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று, அவசரமாக மேலே வந்தால் குமிழிகளாகிவிடுமாம், சோடாப் போத்தலைத் திறந்தால் வருவது மாதிரி. அப்பாவின் முண்ணாணில் இடது பக்கத்தில் அந்தக் குமிழிகள் அடைத்திருக்கின்றனவாம்.

"அப்ப ஏன் வலது காலுக்குச் சுடேல்லை?" என்று கேட்டேன்.

"நட எண்டு மூளை சொல்லுறது, முண்ணாணிலை இடது பக்கத்தாலை இடது காலுக்கு வரும். ஆனால் சுடுது எண்ட செய்தி அப்பிடி இல்லை. வலது காலிலையிருந்து வந்து முண்ணாணுக்குள்ளை நுழைஞ்ச கையோடை, ரோட்டைக் கடந்து இடது பக்கத்துக்குப் போயிடும். அங்காலைதான் அடைப்பு."

ஒரு அடைப்பு, இரண்டு கால்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கினால் மட்டும் பயம் போய்விடுமா?

அம்புலன்ஸ் வந்தது. காற்றழுத்தம் கூட்டிய அறை ஒன்று தூரத்து ஊரில் இருக்கிறதாம். அதற்குள் படுக்கவைத்துக் குமிழிகளைக் கரைப்பார்களாம். முகமூடியோடு கிடந்த அப்பாவின் தலையை ஒருக்கால் தடவிப் பார்த்தேன். வெடிக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். கன்னம் ஈரமாக இருந்தது.

திரும்ப நடப்பாரா என்று அம்மா கேட்டார். கெதியாக, பிந்தாமல் கொண்டுவந்துவிட்டீர்கள், ஆனால் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மாமா அப்பாவோடு போனார். அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கடைப் பக்கம் போகாமல் சுற்றுப்பாதையால் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் நாள் சயந்தன் அண்ணை சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கே வந்துவிட்டார். தன் மேல் என்ன கோபம் என்று கேட்டார். கோபம் இல்லை, பயம் என்றேன். தனக்கும்தான் என்றார். பிறகு இரண்டு பேரும் அவர் கொண்டுவந்த மிக்சரைச் சாப்பிட்டோம்.

எட்டாம் நாள் இடது பெருவிரல் அசைந்ததாகப் போன் வந்தது. பதினேழாம் நாள் மத்தியானம் அப்பாவே வந்தார்.

ஊன்றுகோலோடு ஓட்டோவிலிருந்து இறங்கினார். இடது காலில் செருப்பு இன்னும் நிற்கவில்லை. அதனால் இரண்டையும் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு படலைக்குள் வந்தார். இடது காலைப் படலையோரத்து நிழலில் மெல்ல வைத்தார். பிறகு வலது காலைக் கொதிக்கிற மணலில் வைத்தார்.

வைத்த உடனே, ஊன்றுகோலும் அவருமாக ஒரு துள்ளு துள்ளினார்.

"ஐயோ, சுடுது."

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பதினேழு நாளாக அவர் சிரித்ததை நான் பார்க்கவில்லை. இப்போது சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தக் கால்?"

"வலது."

"இன்னொருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.