சிவக்காத சப்பாத்து

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யோகராசாவின் வீட்டு மணி அடித்தது. அடித்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அக்னெஸ் அதை அழுத்திய அழுத்தில், மொன்ட்ரியாலின் ரொக்ஸ்பரோப் பகுதியில் பாதிச் சனம் தீயணைப்பு வண்டி வருகிறதென்று சன்னலால் எட்டிப் பார்த்திருக்கும்.

"அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எனக்கு ஒரு கோப்பை தரப்போறாங்கள்," என்றார் அக்னெஸ், வாசலில் நின்றபடியே.

"சந்தோசம்."

"சந்தோசமில்லை. அது என்ர கோப்பை இல்லை. நீங்கள்தான் அதை மறிக்க வேணும்."

யோகராசா அவசரப்படாத மனிதர். புவாண்ட்-கிளேர் பண்டகசாலை ஒன்றில், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சப்பாத்துகளைச் சோதித்து, 'போட்டது', 'போடாதது' என்று பிரிக்கும் வேலையை இருபத்தேழு வருடம் செய்து ஓய்வு பெற்றவர். பதினொரு லட்சம் சோடி பார்த்தேன் என்பார். அதில் பாதியை அவருடைய மனைவியே நம்பமாட்டார். ஆனால் ஒரு சப்பாத்தை இரண்டு நிமிடம் அவர் கையில் கொடுத்தால், போட்டவரின் எடை, நடை, மாமியாருடன் உள்ள உறவு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை.

தேநீர்க் கோப்பைகளோடு மச்சாள் கிளி வந்து சேர்ந்தார். ஐம்பத்திமூன்று வயது. அத்தானுக்கு ஒரு வழக்குக் கிடைத்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடும் ரகம்.

அக்னெஸ் கதையைத் தொடங்கினார். ரொக்ஸ்பரோ விடியல் ஓட்டக் கழகத்தில் ஒன்பது பேர். மூன்று வருடம் மொன்றோயல் மலையில் மூச்சு வாங்கிப் பழகி, போன மாதம் ஜேர்மனிக்குப் போனார்கள். அங்கே ஐஃபல் மலைக்காடுகளில், மேட்டிலும் பள்ளத்திலும், பழைய உரோமர்கள் விட்டுப்போன சின்னங்களுக்கு நடுவே ஓட்டப் பாதைகள் இருக்கின்றன. கடைசி நாள் போட்டி. பதினான்கு கிலோமீற்றர். ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக, தனித்தனியே ஓட வேண்டும். முதலில் உரோமர்களின் கல் வாய்க்கால். பிறகு மரப்படிகளில் ஏறி, குன்றின் மேலுள்ள உரோமக் கோயிலின் இடிபாட்டை ஒருமுறை சுற்றி, அதே படிகளால் இறங்க வேண்டும். அப்பால் காட்டுக் கிணறு. பிறகு இறக்கமாக ஆறு கிலோமீற்றர்.

"அறுபது தாண்டின பொம்பிளையளுக்கு ஒரு கோப்பை. இந்திராதேவி அக்காதான் முதல். அறுபத்திநாலு வயசு, போன வருசம் முழங்கால் சத்திரசிகிச்சை. இனி ஓடேலாது எண்டு டொக்டர் சொன்னவர். அவ என்னை ரெண்டு நிமிசத்தால வெண்டுட்டா. ஆனா செயலாளர் இரவிச்சந்திரன், அவ கோயில் மேட்டுக்கு ஏறவே இல்லை, குறுக்குப் பாதையால போனவ எண்டு சொல்லிப்போட்டார். கோப்பையும் இல்லை, கழகத்தில இருந்து பேரும் வெட்டாம்."

"என்ன ஆதாரம்?"

அக்னெஸ் கைப்பேசியைத் திறந்தார். ஓட்டம் முடிந்ததும் எல்லோருடைய சப்பாத்துகளையும் வரிசையாக வைத்துப் படம் எடுப்பது கழகத்தின் வழக்கம். முதல்நாள் மழை. குன்றின் உச்சி முழுக்கச் செங்களி. எட்டுச் சோடிச் சப்பாத்துகள், குங்குமத்தில் தோய்த்து எடுத்ததுபோல் சிவந்து நின்றன. ஒன்பதாவது சோடியில் காட்டின் கறுப்பு மண் மட்டும்.

"குதிரை!" என்றார் கிளி. "அத்தான், அவ குதிரையில போயிருக்கிறா!"

"கொஞ்சம் பொறு, கிளி. அக்னெஸ், இந்திராதேவி என்ன சொன்னவ?"

"'நான் ஏறினனான், சுத்தினனான்' எண்டு மட்டும். மற்றக் கேள்வி ஒண்டுக்கும் வாய் திறக்கேல்லை. அவதான் கடைசியாப் புறப்பட்டவ, அதால பார்த்த ஆளும் இல்லை. ஆனா அண்ணை, அவ பொய் சொல்ற ஆள் இல்லை."

"நேரக் கணக்கு?"

வாய்க்காலிலும் கிணற்றிலும் நேரம் குறிக்க ஆள் இருந்தது. வாய்க்கால் வரை இந்திராதேவி அக்னெஸை விட மூன்று நிமிடம் பிந்தி. கோயில் மேட்டில் இன்னும் நான்கு நிமிடம் பிந்தி. கிணற்றுக்குப் பிறகு, சிறகு முளைத்ததுபோல், ஒன்பது நிமிடம் முந்தி.

"குறுக்குப் பாதையில இருந்து இளைப்பாறி, பேந்து புதுக்காலோட ஓடினவவாம். செயலாளர் சொல்றார்."

"கோயிலின்ர படம் இருக்கோ?"

இருந்தது. காட்டின் நடுவே தாழ்ந்த கல் மதில். அதன் நடுவே செதுக்கிய ஒரு கல். அதில் மூன்று பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பழக்கூடை. கல்லின் அடியில் ஆப்பிளும், மஞ்சள் பூவும், அணைந்த மெழுகுதிரியும்.

"இந்த ஆப்பிளை ஆர் வைச்சது?"

"அந்த ஊர்ச்சனம் வைக்கிறதாம். தாய்த் தெய்வங்களாம். ஆனா எங்களை ஒண்டும் வைக்கவோ, சாப்பாடு கொண்டுபோகவோ விடேல்லை. மீறினா அடுத்த வருசம் கழகத்துக்கே அனுமதி இல்லையெண்டு செயலாளர் நாலுதரம் சொன்னவர்."

யோகராசா அந்தப் படத்தை, தேநீர் ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிக்கு முதல்நாள் என்ன செய்தனீங்கள்?"

"கொலோனில ஒரு தமிழ்க் கடை. எல்லாரும் மிக்சர் வாங்கினம். அக்கா மட்டும் என்னவோ ஒண்டை வாங்கிச் சீலைத்துண்டால சுத்தி, பிள்ளையைத் தூக்கிறமாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவ."

"நல்லது," என்றார் யோகராசா. "கிளி, காரை எடு. மொன்ட்ரியால்-நோருக்குப் போவம்."

வழியெல்லாம் கிளி கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். குதிரை போய் சைக்கிள் வந்தது. சைக்கிள் போய், வாடகைக்கு எடுத்த இரட்டைச் சகோதரி வந்தார். மெற்றோபொலித்தன் நெடுஞ்சாலை நெரிசலில் இன்னும் கால்மணி நேரம் நின்றிருந்தால், பழைய உரோமப் படைத்தளபதி ஒருவனே தேரோடு வந்திருப்பான்.

இந்திராதேவியின் வீடு மூன்றாம் மாடியில். கதவுக்கு வெளியே சப்பாத்துகளை அடுக்கும் தட்டு. அதில் அந்த ஓட்டச் சப்பாத்தும் இருந்தது. வேற்றுநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று எல்லோரும் புறப்பட முன்னமே சப்பாத்துகளைத் தேய்த்துத் துடைத்திருந்தார்கள். வெளிப்புறம் பளிச்சென்றிருந்தது. யோகராசா வெளிப்புறத்தைப் பார்க்கவே இல்லை. சப்பாத்தின் நாக்கை விலக்கி, உள்ளே விரலை விட்டு, விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

உள்ளே இந்திராதேவி கோப்பி கொடுத்தார். முகத்தைக் கொடுக்கவில்லை.

"அக்கா, ஓடேக்க முதுகில போட்ட பையை ஒருக்காப் பாக்கலாமோ?"

"பாருங்கோ, யோகண்ணை. ஒண்டும் இல்லை."

பை வெறுமையாகத்தான் இருந்தது. யோகராசா அடித்தையலில் சிக்கியிருந்த கபில நிற நார் ஒன்றை இழுத்து, பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முழங்கால் எப்பிடி?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இந்திராதேவியின் முகம் கார்த்திகை விளக்குப்போல் எரிந்தது. "தங்கமண்ணை! டொக்டரே நம்பேல்லை!" உடனே அதை அணைத்துக்கொண்டார். "கோப்பையை அக்னெஸ் எடுக்கட்டும். என்னால கழகத்துக்கு ஒரு கெட்டபேர் வேண்டாம்."

"நாலு மணிக்கு மண்டபத்துக்கு வாங்கோ," என்றார் யோகராசா. "வந்தாப் போதும்."

மண்டபத்தில் ஒன்பது பேரும், அவர்களுடைய குடும்பமும், ஒரு நாட்டையே உண்ணவைக்கும் அளவுக்கு ரோல்சும் இருந்தன. இரவிச்சந்திரன் மேடையில் நின்றார். கழகத்துக்கு மட்டுமல்ல, அம்மன் கோயிலுக்கும் அவர்தான் செயலாளர். 'பாதணிகளை வெளியே கழற்றவும்' என்று மூன்று மொழியில் அச்சடித்து, வாசலில் ஒட்டி, திருவிழாக் காலத்தில் அதன் பக்கத்திலேயே காவல் நிற்பவர். ஒருமுறை மின்சாரம் திருத்த வந்த வெள்ளைக்காரனைக் கூட வெறுங்காலோடு ஏணியில் ஏற்றியவர்.

"இரவி, ரெண்டு நிமிசம் தாரும்," என்று யோகராசா எழுந்தார். "இந்திராதேவி மேட்டுக்கு ஏறேல்லை எண்டு சொல்றீர். குறுக்குப் பாதையால போறவ, ஏறின ஆளை விட நாலு நிமிசம் ஏன் கூட எடுக்க வேணும்?"

"சந்தேகம் வராமல் இருக்க."

"சரி. மேடு வரைக்கும் பிந்தி, மேட்டுக்குப் பிறகு பறந்திருக்கிறா. போகேக்க ஒரு பாரம் இருந்தது, வரேக்க இல்லை." சட்டைப் பையிலிருந்து நாரை எடுத்து உயர்த்தினார். "கிளி, இது என்ன?"

கிளி மூன்றடி பாய்ந்து வந்தார். "தும்பு! தேங்காய்த் தும்பு! அத்தான், அவ தேங்காயோட ஓடியிருக்கிறா!"

மண்டபம் ஒரு மூச்சு வாங்கியது. கடைசி வரிசையில் ஒரு ரோல் தரையில் விழுந்தது.

"ஏழு கிலோமீற்றர், மலையில, முதுகில குடுமித் தேங்காய்," என்றார் யோகராசா அமைதியாக. "ஓடேலாது எண்ட முழங்கால் ஓடினால், வழியில காணுற முதல் அம்மனுக்குத் தேங்காய் எண்டு நேர்த்தி. சரியோ அக்கா?"

இந்திராதேவி தலையைக் குனிந்து, பிறகு நிமிர்த்தினார். "மூண்டு அம்மன், யோகண்ணை. மடியில பழத்தோட இருக்கினம். பார்த்திட்டு எப்பிடிச் சும்மா போறது? மூண்டுதரம் சுத்தினன்."

"அதுதான் அந்த நாலு நிமிசம்."

"அப்ப சப்பாத்து?" என்றார் இரவிச்சந்திரன். "மூண்டுதரம் சுத்தினவவின்ர சப்பாத்து ஏன் சிவக்கேல்லை?"

யோகராசா இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல் புன்னகைத்தார்.

"திருப்பி வந்த சப்பாத்துக்கு நாங்கள் முதல்ல உள்ளுக்கத்தான் பாக்கிறது. வெளிய எல்லாரும் துடைப்பினம், உள்ளுக்க ஒருத்தரும் துடைக்கமாட்டினம். அவவின்ர சப்பாத்துக்குள்ள, விரல்கள் இருக்கிற இடத்தில, செங்களி." கைக்குட்டையை விரித்தார். வெள்ளையில் சிவப்புப் பொட்டு. "களி காலில ஒட்டி, கால் சப்பாத்துக்குள்ள போனது. ஏனெண்டா அவ கோயிலுக்குள்ள போக முதல், படியடியில சப்பாத்தைக் கழட்டிப்போட்டா. கழட்ட வேண்டாமோ? கோயில் எல்லோ?"

யோகராசா கிளியைப் பார்த்துத் தலையசைத்தார். கிளி மண்டபத்து புரொஜெக்டரைத் தட்ட, சுவரில் அந்தப் படம் பெரிதாக எழுந்தது. எட்டுச் சோடிச் சப்பாத்துகள், இரத்தச் சிவப்பில்.

"இரவி, இந்தப் படம் குறுக்கால போன ஒரு ஆளைக் காட்டுது எண்டு சொன்னீர். எனக்கு வேற ஒண்டு தெரியுது. அம்மன் கோயிலைச் சப்பாத்தோட சுத்தி ஓடின எட்டுப் பேர்."

முதலில் சிரித்தது அக்னெஸ். "நான் வேதக்காரி, என்னை விடுங்கோ!" என்று கையை உயர்த்தினார். மற்ற ஏழு பேரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். இரவிச்சந்திரனின் முகம் படத்திலிருந்த மூன்றாவது சோடியின் நிறத்துக்கு வந்தது. அது அவருடைய சோடிதான்.

"ஆனால்," என்று அவர் கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்தார், "அங்க ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு விதி!"

"அதுக்குப் பயந்துதான் அக்கா வாய் திறக்கேல்லை. தன்ர கோப்பை போனாலும் கழகத்துக்கு அனுமதி போகக் கூடாதெண்டு. அந்த ஊர்ச்சனமே ஆப்பிள் வைக்குது, பூ வைக்குது. படத்தில கிடக்கு. அந்த விதி ஆர் போட்டது?"

இரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கி அதைப் பிள்ளையார் கோயில் சங்குபோல் ஊதிக்காட்டியது. "நான்தான். ஒரு... பாதுகாப்புக்கு."

"நான் ஒண்டும் விட்டிட்டும் வரேல்லை," என்றார் இந்திராதேவி. இப்போது அவருடைய குரலுக்கு முழங்கால் முளைத்திருந்தது. "பாதைக்கரைக் கல்லிலதான் உடைச்சனான், அவையின்ர கல்லில இல்லை. அம்மனுக்குக் காட்டிப்போட்டு எடுத்திட்டன். கீழ மரவாங்கில ஒரு ஜேர்மன் கிழவர் நாயோட இருந்தார். அவருக்குப் பாதி, நாய்க்குக் கொஞ்சம். மிச்சத்தைக் கடிச்சுக்கொண்டு ஓடினன். காலைக் கழுவ நேரமில்லை."

"அதுதான் பறந்தவ!" என்று கத்தினார் கிளி. "ஓட்டக்காரர் கடையில வாங்கிற எனர்ஜி ஜெல்லெல்லாம் சும்மா!"

அக்னெஸ் மேடைக்கு ஏறி, கோப்பையைத் தூக்கி, இறங்கி வந்து, இந்திராதேவியின் கையில் வைத்தார். அன்று எழுந்த கைதட்டல் ஐஃபல் மலையில் இருந்த அந்த நாய்க்கும் கேட்டிருக்கும். கோப்பைக்குள் யாரோ இரண்டு ரோல்ஸ் போட்டார்கள். அதையும் பிரசாதமாகவே எல்லோரும் பங்கிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது, ஒரு பக்கமாக நொண்டியபடி இரவிச்சந்திரன் வந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." குரலை இறக்கினார். "எனக்கும் கொஞ்ச நாளா வலது முழங்கால் சரியில்லை. அடுத்த வருசம் எத்தினை தேங்காய் வாங்க வேணும்?"

"எட்டுப் பேருக்கு ஆளுக்கொண்டு," என்றார் இந்திராதேவி, கோப்பையை மார்போடு அணைத்தபடி. "உமக்கு மட்டும் ரெண்டு."

"எனக்கு ஏன் ரெண்டு?"

"ஒண்டு முழங்காலுக்கு. மற்றது சப்பாத்துக்கு."