இல்லாத அண்ணன்

காலணிகள் நனைந்திருந்தன.

உன்சோல் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து தன் ஷூவைக் கழற்றும்போதுதான் அதைப் பார்த்தாள். பின்னால் பூட்டு தானாக விழுந்து தன் சின்ன இசையைப் பாடி ஓய்ந்தது. தலைக்கு மேல் ஆளைக் கண்டால் எரிகிற விளக்கு எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில், சுவரோரம் நின்ற பதினொன்றாம் நம்பர் ஆண் காலணிகளைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அடிப்பள்ளங்களில் பனியோடு வந்த சேறு இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோலின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. நாள் முழுக்க வெளியே உழைத்துவிட்டு வந்த ஒரு ஆளின் வியர்வை வாடை.

வெளியே போகவே போகாத காலணிகள் அவை. பழைய சாமான் சந்தையில் அவளே பேரம் பேசி வாங்கி வந்தவை.

போன கோடையில் பக்கத்துச் சந்தில் ஒரு பெண் தனியாக இருந்த வீட்டில் திருடன் புகுந்தான். அன்றிலிருந்துதான் இதெல்லாம். கொரியாவின் இஞ்சியோன் நகரில் தனியாகக் குடியிருக்கும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளும் உபாயங்கள் எல்லாவற்றையும் உன்சோல் ஒன்று விடாமல் செய்தாள். எண் பூட்டு, அதை உடைத்தால் அலறும் சங்கு, ஜன்னலுக்கு இரட்டைக் கொக்கி, கொடியில் ஒரு பெரிய ஆண் பனியன். பார்சல்கள் கறிக்கடைப் பலகையில் எழுதத் தகுந்த முரட்டுப் பெயரில் வந்தன: தக் மான்சு. யாராவது கேட்டால், "எங்க அண்ணன், ராத்திரி ஷிப்ட், பகல்ல தூங்குவான்." அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆனாலும் தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தக் காலணிகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வைப்பாள். இல்லாத அண்ணனுக்கு இப்படிப் பணிவிடை செய்த தங்கை ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

மேலே குழாய் ஏதாவது ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி ஐந்தே முக்கால்தான். ஆனால் ஜனவரி மாதத்து இருட்டு அதற்குள் அறை முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே விளக்கைப் போடக் கை நீட்டினாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கீழ் வீட்டு பாங் அம்மா. வீட்டுச் சொந்தக்காரி. கையில் ஆவி பறக்கும் கிம்ச்சி அடை, தட்டு நிறைய.

"உனக்கில்லடி, உங்க அண்ணனுக்கு. நீ வேணா ஓரமா ரெண்டு பிச்சுக்க."

"அண்ணனுக்கா? எதுக்கும்மா?"

"எதுக்கா? காலைல அவ்ளோ பனி. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் எங்க வாசல் பனியத் தள்றது? பத்தரை மணி வாக்குல இறங்கி வந்தாரு பாரு, மனுஷன். மண்வெட்டிய என் கையிலேர்ந்து வாங்கி, தெருமுனை வரைக்கும் தள்ளிக் குடுத்துட்டு, ஒரு வார்த்த பேசாம மேல ஏறிப் போயிட்டாரு. பார்சல்காரன் வந்தான், அதையும் அவரே வாங்கிக்கிட்டாரு. நீயும் இருக்கியே, வாயாடி. உங்கம்மா ரெண்டு பேரையும் ஒரே வயித்துலயா பெத்தா?"

உன்சோல் சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நல்ல உயரம்," என்றாள் பாங் அம்மா. "மத்தியானம் முழுக்க மேல நடக்குற சத்தம் கேட்டுது. தூங்கலியான்னு நெனச்சேன். இருந்தாலும் வீட்ல ஒரு ஆம்பள இருந்தா எங்களுக்கும் தைரியம்தானே?"

எனக்கு அண்ணனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருட்டான அறை திறந்து கிடந்தது. அங்கே இருப்பது எதுவோ, அது இதைக் கேட்டுவிடும் என்று பயந்தாள். அவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பாங் அம்மாவும் மூச்சு வாங்கியபடி நின்றாள். யாரும் அசையாததால் தலைக்கு மேல் இருந்த விளக்கு அணைந்தது.

மாடிப்படி வெளிச்சம் மட்டும்.

பிறகு விளக்கு எரிந்தது.

உன்சோல் அசையவில்லை. பாங் அம்மாவும் அசையவில்லை.

பாங் அம்மாவின் கண்கள் மட்டும் உன்சோலின் முகத்தை விட்டு மேலே போயின. அவள் தலைக்கும் மேலே, ஒரு முழம் உயரத்தில் நின்றன. கிழவி முகம் மலர்ந்தாள். லேசாகக் குனிந்து வணங்கினாள். வணங்கியதற்குப் பதில் வணக்கம் கிடைத்தது போல மறுபடியும் தலையாட்டினாள்.

"குளிர்ல கஷ்டப்பட்டுட்டீங்க தம்பி. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

உன்சோலின் பிடரியில் சூடாக ஒரு மூச்சு.

திரும்பக் கூடாது. அது மட்டும் தெரிந்தது.

"அம்மா." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தொட்டுக்க சோயா இல்ல. உங்க வீட்ல இருக்கா? நானே வந்து வாங்கிக்கிறேன்."

வெறும் சாக்ஸோடு வெளியே வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. அந்தச் சின்ன இசை பாடி முடிந்தது. நான்கு படி இறங்கியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எண் பூட்டு நாள் முழுக்க நடந்ததைக் கைப்பேசியில் எழுதி வைக்கும். திறந்து பார்த்தாள்.

காலை 7.48, உள்ளிருந்து திறந்தது. அது அவள்.

10.21, உள்ளிருந்து திறந்தது.

11.04, எண் அழுத்தித் திறந்தது.

மாலை 5.44, எண் அழுத்தித் திறந்தது. அது அவள். 5.46, பாங் அம்மாவுக்காக அவள் திறந்தது.

இரண்டு முறை படித்தாள். பத்து இருபத்தொன்றுக்கு வெளியே போனவன் காலையில் அவள் கிளம்பும்போதே உள்ளே இருந்திருக்கிறான். பதினொன்றுக்குத் திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. கதவை யாரும் உடைக்கவில்லை, அதனால் சங்கு அலறவில்லை. தெருவில் யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வராதபடி ஆறு மாதமாக எல்லாரிடமும் சொல்லி வைத்தது அவளேதான். அந்த நிமிஷம் அவளுக்குத் தன் மேல் வந்த கோபம் பயத்தையும் மிஞ்சியது.

"எனக்கு அண்ணன் இல்லம்மா," என்றாள்.

பாங் அம்மா திரும்பி மேலே கதவைப் பார்த்தாள். பிறகு, "அப்போ இப்ப உன் பின்னால நின்னது யாருடி?" என்றாள்.

உன்சோல் போலீஸுக்குப் போன் செய்தாள்; அவர்கள் வரும்வரை இரண்டு பேரும் அந்தப் படியை விட்டு நகரவில்லை. கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவு திறக்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு காவலர்கள். மூத்தவர் பெயர் ஓக். உன்சோல் பூட்டின் எண்ணைச் சொல்ல, தடியைக் கையில் பிடித்தபடி உள்ளே போனார்கள். ஒரே ஒரு அறை, ஒரு குளியலறை, துணி துவைக்கும் மெஷின் வைத்த ஒரு மூலை. பார்த்து முடிக்க ஐந்து நிமிஷம் போதும். இருபது நிமிஷம் பார்த்தார்கள். அலமாரி, கட்டிலின் அடி, குளியலறைக் கூரைப் பலகை, மெஷினின் பின்புறம். ஜன்னல் கொக்கிகள் இரண்டும் உள்ளே போட்டபடியே இருந்தன.

"யாரும் இல்லம்மா. உள்ள வாங்க," என்றார் ஓக். "இவ்ளோ பாதுகாப்பு நான் எந்த வீட்லயும் பார்த்ததில்ல."

"அவன் வெளிய போகல சார். நாங்க கதவப் பாத்துக்கிட்டேதான் இருந்தோம்," என்றாள் உன்சோல்.

"சரி, கடைசியா ஒண்ணு." பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். "போன அக்டோபர்ல இந்தச் சந்துல வெளிச்சுவர்ல ஏறுற கேஸ் குழாய்ல எல்லாம் ஒரு மருந்து பூசினோம். கண்ணுக்குத் தெரியாது. குழாயப் பிடிச்சு ஏறினவன் கைல ஒட்டிக்கும், அவன் தொட்ட எடமெல்லாம் ஒட்டும். இந்த லைட்ல பச்சையா காட்டிக் குடுத்துடும். சோப்புப் போட்டுக் கழுவினா போயிடும், அதான் ஒரே குறை."

அறை விளக்கை அணைத்தார். ஊதா வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது.

ஒன்றும் இல்லை.

கொக்கியில் இல்லை. அலமாரிக் கைப்பிடியில் இல்லை. படுக்கை விரிப்பில் இல்லை. தலையணையில் இல்லை. கதவின் உட்புறத்தில் இல்லை. மாலையிலிருந்து முதல் முறையாக உன்சோலுக்கு மூச்சு வயிறு வரை இறங்கியது. அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பாத்தீங்களா?" ஓக் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். டார்ச்சும் கூடவே திரும்பியது.

சிரிப்பு நின்றது.

"என்ன சார்?"

அவர் டார்ச்சை அவள் மேலேயே பிடித்திருந்தார். வாசலில் நின்ற பாங் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு காவலர் ஒரு அடி பின்னால் போனார்.

உன்சோல் அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

தலைமுடி பச்சையாக எரிந்தது. உச்சியிலிருந்து தோள்வரை. விரல் தடங்கள். ஐந்து ஐந்தாக. ஒன்றின் மேல் ஒன்று. நிறைய. அவசரமே இல்லாமல், ஆசையாக, ஒரு அண்ணன் தங்கையின் தலையை வருடிக் கொடுத்த மாதிரி.

காலையில்தான் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்திருந்தாள். இத்தனையும் அதற்குப் பிறகு.

"அசையாதீங்க," என்றார் ஓக், மிக மெதுவாக. டார்ச்சை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். வெளிச்சம் அவள் நெற்றியில் விழுந்தது.

கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் சுவர் மட்டும் இருந்தது. அவள் நெற்றியின் மேல், தடமே இல்லாத வெறும் இடத்தில், ஐந்து பச்சைப் புள்ளிகள் தோன்றின. அவை மெல்லக் கோடுகளாக நீண்டு, அவள் கூந்தல் வழியே கீழே இறங்கின.